மூடுபனியும் மோட்டார் விளக்கும்



தை பிறந்துவிட்டது. முகூர்த்தங்களுக்காக நம்மவர் குடும்பத்தோடு விடியுமுன் மோட்டாரிற் புறப்படுங் காலம் இது. பனி வழியை மூடுவதும் அவ்வேளையிலேயாம்.

மூடுபனி என்பது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டமே. 'பிரைட்' எனப்படும் தூர ஒளியை அதன்மேற் பாய்ச்சின், அது துளிகளிற் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே மீளும். எதிரே வெண்சுவர் ஒன்றே தோன்றும். பனிவிளக்கோ தாழப் பொருத்தப்பெற்று, ஒளி மேலெழாமல் அகன்று தரையிற் படர்வது; அதனாற் சாலையோரம் புலனாகும். மஞ்சள் நிறம் பனியைத் துளைக்கும் என்பர் பலர். அத்துளிகள் எந்நிறத்தையும் ஏறக்குறைய ஒருபடித்தாகவே சிதறச் செய்வன. ஆதலின் வாங்குங்கால் நிறத்தினும், ஒளி மேலே சிதறாதிருத்தலையே நோக்குக. பனி விலகியதும் அணைத்திடுக. இன்றேல் எதிர்வருவோர் கண் கூசும்.

நிற்க. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். விளக்கு எத்துணை நன்றாயினும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துள் வண்டியை நிறுத்தவல்ல வேகமே தக்க வேகம். பின்னிருக்கையிலமர்ந்து, "நேரமாயிற்று, விரைந்து ஓட்டப்பா" என்று பிள்ளைகளை முடுக்கும் பெரியோர்களே! தாலி கட்டும் வேளைக்கு நாம் சேராவிடினும் மணமக்கள் வாழ்வர். நாம் வீடு சேராவிடின் நம் மக்கள் என் செய்வர்? இதனைச் சிந்திக்குமாறு வேண்டி அமர்கின்றேன்.