முப்பத்தாறு மணி நேரமும் அதற்குப் பிறகும்

(மாணவர் அணிகளுக்கான தொழில்நுட்பப் புத்தாக்கப் போட்டிகள் குறித்து ஆற்றிய உரை)

அரசுத் துறை ஒன்று, தன்னால் எளிதில் தீர்க்க இயலாத பிரச்சினையை எழுத்தில் வடித்துக் கல்லூரி மாணவர்களின் முன் வைத்து, "இதற்கு வழி சொல்லுங்கள்" என்று கேட்பது இந்திய நிர்வாக மரபில் புதியது. துறைகள் தம் சாதனைகளை வெளியிடுவதுண்டு. நிதி ஒதுக்கீட்டையும் இலக்குகளையும் வெளியிடுவதுண்டு. இடர்ப்பாடுகளைப் பட்டியலிட்டு வெளியிடுவது அரிது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 1, 2 ஆகிய நாட்களில் நடைபெற்ற முதலாவது ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ போட்டியின் சிறப்பு இதுவேயாகும். 29 மத்திய அமைச்சகங்களும் துறைகளும் தம் பிரச்சினைகளை முன்வைத்தன. நாட்டின் 26 இடங்களில் ஏறத்தாழ 10,000 மாணவர்கள், தொடர்ந்து 36 மணி நேரம் அமர்ந்து அவற்றுக்குக் கணினி வழித் தீர்வுகளைத் தேடினர்.

‘ஹேக்கிங்’ என்ற சொல்லைக் கேட்டதும், பிறர் கணினியில் புகுந்து திருடும் செயலே பலருடைய நினைவிற்கு வருகின்றது. நிரல் எழுதுவோரிடையே அச்சொல்லின் பொருள் வேறு. கிடைத்ததைக் கொண்டு கைத்திறனோடு ஒன்றைச் செய்து முடிப்பதையே அவர்கள் அவ்வாறு குறிப்பிடுவர். அதனுடன் ‘மாரத்தான்’ என்னும் நெடுந்தொலைவு ஓட்டத்தின் பெயர் சேர்ந்து ‘ஹேக்கத்தான்’ பிறந்தது. 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம், ‘ஓப்பன் பி.எஸ்.டி’ என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கிவந்த சிலர் கனடாவின் கால்கரி நகரில் கூடி, ஒரே இடத்தில் அமர்ந்து வேலை செய்தனர். அக்கூட்டத்திற்கே இப்பெயர் முதலில் இடப்பட்டது. மறைக்குறியீட்டு மென்பொருளை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்வதற்கு அந்நாளில் சட்டத் தடைகள் இருந்தன. அதனாலேயே அவர்கள் கனடாவில் கூடினர். பரிசும் இல்லை, நடுவரும் இல்லை. போட்டி என்னும் வடிவம் பின்னர் வந்து சேர்ந்ததாகும்.

இந்தியாவில் அது பெற்ற வடிவம், அரசும் கல்லூரிகளும் இணைந்து நடத்தும் பெருந்திட்டமாகும். கல்வி அமைச்சகத்தின் புத்தாக்கப் பிரிவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் இதனை முன்னின்று நடத்துகின்றன. 2018 முதல், மென்பொருளுக்கு 36 மணி நேரப் போட்டியும், கருவிகளை உருவாக்குவோருக்கு ஐந்து நாள் போட்டியும் எனத் தனித்தனியே நடத்தும் முறை வந்தது. இரும்பை அறுத்து ஒட்டவும், மின்சுற்றைச் சோதிக்கவும், பழுதான பகுதியைக் கழற்றி மீண்டும் பொருத்தவும் ஒன்றரை நாள் போதாது என்பது பட்டறை அறிந்த எவருக்கும் விளங்கும். 2020இல் கொரோனா நோய்த் தொற்றின் காரணமாக மென்பொருள் இறுதிப் போட்டி முழுவதும் இணையவழியிலேயே நடந்தது.

2023ஆம் ஆண்டின் கணக்கைச் சற்று நோக்கலாம். 25 மத்திய அமைச்சகங்களிலிருந்தும் மாநில அரசுகளிலிருந்தும் 231 பிரச்சினைகள் வந்தன. 44,000 அணிகளிடமிருந்து 50,000க்கும் மேற்பட்ட யோசனைகள் குவிந்தன. இறுதிப் போட்டி டிசம்பர் மாதம் 48 மையங்களில் நடந்தது. அதில் ஏறத்தாழ 12,000 பேர் கலந்துகொண்டனர். ஓர் அணிக்கு ஆறு பேர் என்று கணக்கிட்டால், முதற்கட்டத்தில் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் ஏதேனும் ஒரு பிரச்சினையைப் பற்றி ஆழ்ந்தோ மேலோட்டமாகவோ சிந்தித்திருக்கின்றனர். நாளிதழ்களில் படம் வருவது இறுதிப் போட்டிக்குத்தான். ஆனால் மிகப் பெரும்பாலான மாணவர்களுக்குப் போட்டி என்பது அவரவர் கல்லூரி வளாகத்தில் நடந்து முடிந்துவிடும் உள்போட்டியே. 2023இல் 900ஆக இருந்த இத்தகைய கல்லூரி உள்போட்டிகள் 2024இல் 2,247ஆக உயர்ந்தன. இறுதிப் போட்டியை எவ்வளவு சிறப்பாக நடத்தினாலும், உள்போட்டியைப் பெயரளவிற்கு நடத்தி, ஆசிரியருக்கு வேண்டிய அணிகளின் பெயரை அனுப்பிவிடும் கல்லூரியில் இத்திட்டத்தின் பயன் வாயிலோடு நின்றுவிடும்.

அணியின் அமைப்பு

ஆறு பேரும் ஒரே கல்லூரியைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் கட்டாயம். வழிகாட்டிகள் இருவரை உடன் சேர்த்துக்கொள்ளலாம். பெண்களைப் பற்றிய இவ்விதி சிறியதாகத் தோன்றினும் அதன் விளைவு சிறியதன்று. அணி அமைக்கும் வேளையில், விடுதி நண்பர்கள் ஆறு பேர் தமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளும் வழக்கத்தை அது தடுக்கின்றது. எனினும், விதிக்காக ஒரு மாணவியின் பெயரை எழுதிக்கொண்டு, படக்காட்சிக்கு அழகூட்டும் வேலையை மட்டும் அவரிடம் ஒப்படைக்கும் அணிகளும் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்ட அணியை நடுவர்கள் இரண்டு கேள்விகளில் கண்டுகொள்வர்.

நிரல் எழுதுவதில் வல்லவர் ஆறு பேரைச் சேர்ப்பது நல்ல அணி ஆகாது. வேளாண் பிரச்சினையை எடுத்துக்கொண்ட அணியில் வயலை அறிந்தவர் ஒருவர் வேண்டும். ஆற்று வெள்ளத்தைப் பற்றியதாயின் கட்டடவியல் மாணவர் ஒருவர் வேண்டும். அதிகாரியின் பேச்சைப் பொறுமையோடு கேட்டு, குறிப்பெடுத்து, "தாங்கள் கூறியது இதுதானா?" என்று திரும்பக் கேட்கத் தெரிந்தவர் ஒருவர் எல்லா அணிக்கும் வேண்டும். இறுதிப் போட்டியின் முதல் சில மணி நேரத்தில் அணியின் போக்கைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் இவரே. கல்லூரியில் இரண்டு மாதம் உழைத்துக் கொண்டுவந்த திட்டம், துறையின் பிரதிநிதியோடு அரை மணி நேரம் பேசியதும் பாதி சரிந்துவிடுவது உண்டு. அதைக் கண்டு கலங்காது, சரிந்ததை விட்டு எஞ்சியதைக் கொண்டு தொடங்கும் அணியே அன்றிரவைப் பயனுற வழிப்படுத்துகின்றது. கொண்டுவந்ததையே எப்படியும் காட்டிவிடுவது என்று பிடிவாதமாக இருக்கும் அணிகள் விடியும் வரை வண்ணங்களையும் எழுத்துருக்களையும் மாற்றிக்கொண்டிருக்கின்றன.

எந்தத் துறையின் பிரச்சினை எந்த மையத்தில் வைக்கப்படுகின்றதோ அங்கேதான் அணி செல்ல வேண்டும். ஆகவே ஒரு மாநிலத்து மாணவர்கள் மற்றொரு மாநிலத்துக் கல்லூரிக்கு இரயிலேறிச் செல்கின்றனர். பெருநகரங்களுக்கு அப்பாலுள்ள கல்லூரிகளின் மாணவர்களுக்கு இப்பயணமே ஒரு கல்வியாகும். வேறு மொழி பேசும் அணி அடுத்த மேசையில் அதே பிரச்சினையை எவ்வாறு அணுகுகின்றது என்பதை அவர்கள் நேரில் காண்கின்றனர்.

வினாவும் விடையும்

இப்போட்டிகளைப் பற்றிப் பேசுவோர் விடைகளின் புதுமையையே பேசுகின்றனர். வினாவின் தரத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. "வேளாண்மைக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் செயலி ஒன்று வேண்டும்" என்று ஒரு துறை எழுதினால் அது வினா அன்று, விருப்பம். யாருக்கு, எப்பொழுது, எந்த இடத்தில், எந்தத் தடை என்பவை வினாவில் இருத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒன்றைக் காணலாம். 2016இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற குறிப்பிட்ட இடம் சார்ந்த இயற்கை இடரால் பயிர் அழிந்தால், விவசாயி 72 மணி நேரத்திற்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதியில் மாலை ஆலங்கட்டி மழை பெய்கின்றது என்று கொள்வோம். மின்சாரம் நின்றுவிடுகின்றது. கைப்பேசிக் கோபுரம் ஓய்ந்துவிடுகின்றது. விவசாயியின் கைப்பேசியில் மின்னேற்றம் சிறிதே எஞ்சியிருக்கின்றது. இந்நிலையில் பயிரின் படத்தைக் கண்டு சேதத்தின் அளவை நூற்றுக்கு இத்தனை என்று கணிக்கும் நிரல், அப்படம் தொலைவிலுள்ள கணினியை அடைந்த பின்னரே வேலை செய்யும் என்றால், அதனால் அவருக்கு அவ்வேளையில் பயனில்லை. படத்தையும், எடுத்த நேரத்தையும், இடத்தின் அடையாளத்தையும் கைப்பேசியிலேயே பத்திரமாக வைத்திருந்து, தொடர்பு கிடைத்த கணத்தில் தானே அனுப்பிவிட்டு, "பெறப்பட்டது" என்று மராத்தியில் சொல்லும் எளிய ஏற்பாடே அவருக்குத் தேவை. போட்டி மேடையில் முதலாவது தீர்வு கைதட்டல் பெறும், இரண்டாவது தீர்வைப் பார்த்து, "இதில் புதுமை என்ன?" என்று கேட்கக்கூடும். போட்டியின் மதிப்பீட்டு அளவைகளில் புதுமையோடு செயல்படுத்தும் வாய்ப்பும், நடைமுறைக்கு ஏற்ற தன்மையும், நீடித்து நிற்கும் ஆற்றலும், பயன்படுத்துவோரின் அனுபவமும் இடம்பெற்றுள்ளன. அளவைகளில் குறையில்லை. அவற்றுள் எதற்கு நடுவர் உண்மையில் எடை கொடுக்கின்றார் என்பதுதான் கேள்வி.

மின் இணைப்பும் இணையமும் தடையின்றிக் கிடைக்கும் மண்டபத்தில் அமர்ந்துகொண்டு, அவை கிடைக்காத ஊருக்குத் தீர்வு காணும் முயற்சி இது. மையத்தின் அமைப்பாளர்கள் இரவில் ஒரு மணி நேரம் இணையத்தைத் துண்டித்து, ஒவ்வோர் அணியின் தீர்வும் அப்பொழுது என்ன செய்கின்றது என்று பார்த்தால், நடுவரின் வேலை பாதி குறைந்துவிடும். மாணவர்கள் சிறிது முணுமுணுக்கலாம்; கேடு ஒன்றுமில்லை.

ஒரு கைப்பம்பின் வரலாறு

அதே மராத்வாடாவில் நிகழ்ந்த ஒரு புத்தாக்கத்தை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 1960களின் பிற்பகுதியில் வறட்சியால் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் விரைவாகத் தோண்டப்பட்டன. அவற்றில் பொருத்தப்பட்ட வார்ப்பிரும்புக் கைப்பம்புகள், ஒரு குடும்பம் நாளில் சில முறை பயன்படுத்துவதற்கென மேலைநாடுகளில் வடிவமைக்கப்பட்டவற்றின் நகல்களே. இங்கோ ஊரே வரிசையில் நின்று காலை முதல் இரவு வரை அடித்தது. 1970களின் நடுவில் நடந்த ஆய்வுகளில், நிறுவப்பட்ட பம்புகளுள் பெரும்பாலானவை பழுதாகிக் கிடந்தது தெரியவந்தது. ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிணறு அமைக்கும் தொண்டு அமைப்புகளின் பட்டறைகளில், கைப்பிடியின் பல மூட்டுகளை நீக்கி ஒரே அச்சில் இயங்கும் எஃகு பம்புகளை உருவாக்கினர். அவற்றை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃப் நிறுவனமும் அரசும் சென்னையிலிருந்த ஆராய்ச்சி அமைப்பும் தொழிற்சாலையும் சேர்ந்து ‘இந்தியா மார்க் 2’ பம்பை உருவாக்கின. கோயம்புத்தூர்ப் பகுதியில், நீர்மட்டம் மிக ஆழத்தில் உள்ள, பயன்பாடு மிகுந்த கிணறுகளில் அதைப் பொருத்திச் சோதித்தனர். 1979இல் அதற்கு இந்தியத் தர நிர்ணயம் வகுக்கப்பட்டது.

அப்பம்பு எளிதில் பழுதாகவில்லை. ஆனால் பழுதானபோது, நிலத்தடியிலுள்ள குழாய்கள் முழுவதையும் வெளியே தூக்க வேண்டியிருந்தது. அதற்கு வண்டியும் கருவிகளும் ஒரு குழுவும் வேண்டும். குழு வரும்வரை ஊர் காத்திருக்கும். ஆகவே 1980களில் வினாவே மாறியது. ‘உடையாத பம்பு’ என்பது ‘ஊராரே பழுது நீக்கக்கூடிய பம்பு’ என்று ஆயிற்று. குழாய்களை எடுக்காமலேயே உள்ளுறுப்புகளை மட்டும் மேலே இழுக்கக்கூடிய ‘இந்தியா மார்க் 3’ அவ்வாறு உருவாயிற்று. அதன் களச்சோதனையும் கோயம்புத்தூர்ப் பகுதியிலேயே பல ஆண்டுகள் நடந்தது. இரண்டாவது வினாவை எந்த அதிகாரியும் முதல் நாளிலேயே எழுதியிருக்க இயலாது. முதல் விடை ஊரில் சில ஆண்டுகள் உழைத்த பிறகே அது புலனாயிற்று.

36 மணி நேரத்தில் ஒரு மார்க் 2 பிறக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஜால்னாப் பட்டறையில் முதன்முதலில் வெட்டிய எஃகுத் தகட்டின் நிலைக்கேனும் ஒரு யோசனை வருமானால் போட்டி தன் கடமையைச் செய்துவிட்டது. அதற்குப் பின் அந்தத் தகட்டை யார் கையில் எடுப்பது?

போட்டிக்குப் பின்

2023ஆம் ஆண்டுப் போட்டியில் ஒரு பிரச்சினைக்கான பரிசுத் தொகை ரூ. 1 இலட்சம். ஆறு பேர் பகிர்ந்துகொண்டால் தலைக்குப் பதினேழாயிரத்திற்கும் குறைவு. அதைவிட மதிப்புள்ளது துறையின் கதவு திறந்திருப்பது. ஆனால் நடைமுறையில் இடையூறுகள் பல. வென்ற அணியில் இறுதியாண்டு மாணவர்கள் இருந்தால், சில மாதங்களில் அவர்கள் வேலைக்குச் சென்று சிதறிவிடுகின்றனர். பிரச்சினையை எழுதிய அதிகாரி இடமாற்றம் பெறுகின்றார். ஒப்பந்தப்புள்ளி விதிகளின்படி, ஒரு மாணவர் அணியிடமிருந்து துறை நேரடியாக எதையும் வாங்குவது எளிதன்று. நிரல் யாருடைய கணினியில் இருந்ததோ அவரோடு போய்விடுகின்றது.

உரிமை பற்றியும் மாணவர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரல் என்ற அளவில் அதற்குக் காப்புரிமை கிடையாது. அது பதிப்புரிமையின் கீழ் வரும். கருவி உருவாக்கும் அணிகளின் நிலை வேறு. பொது மேடையில் விளக்கிக் காட்டிய பின் விண்ணப்பித்தால், அது புதியதன்று என்ற மறுப்பு எழ இடமுண்டு. ஆகவே மேடையேறும் முன்பே தற்காலிக விவரக்குறிப்பைப் பதிவு செய்துவிட்டு, முழு விவரக்குறிப்பைப் பன்னிரண்டு மாதத்திற்குள் அளிக்கலாம். 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை உண்டு. இதை அறிந்து பயன்படுத்தும் கல்லூரிகள் இன்னும் பெருக வேண்டும்.

இவ்வவையில் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் பலர் அடுத்த போட்டிக்கு அணி அமைக்க இருப்போர். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவரையேனும் அணியில் சேர்த்துக்கொண்டால், போட்டிக்குப் பின் ஓராண்டாவது பணியைத் தொடர ஆள் இருக்கும். நிரலோடு, அதை மற்றொருவர் எடுத்து நடத்துவதற்குத் தேவையான விளக்கக் குறிப்பையும் எழுதிக் கல்லூரியில் ஒப்படைக்கலாம். பிரச்சினையைத் தரும் துறைகளும், மாநிலத் தலைநகரில் அல்லாது வட்டார அளவில் பணியாற்றும் அலுவலர் ஒருவரை, அதாவது அந்தத் தீர்வை நாள்தோறும் கையாளப்போகும் ஒருவரை, நடுவர் மேசையில் அமர்த்தலாம். இறுதிப் போட்டி முடிந்த ஆறாம் மாதத்தில், அதே மையத்தில், வென்ற அணியும் துறையும் மீண்டும் ஒரு நாள் கூடி, கள அனுபவத்தால் வினாவைத் திருத்தி எழுதுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஆறு பேருக்கு இரயில் கட்டணமும் ஒரு நாள் உணவும் போதும்.