நீரில் மறைந்த திட்டும் தாளில் நிற்கும் கோடும்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1970 நவம்பரில் வங்கக் கடலில் எழுந்த போலா புயல் அன்றைய கிழக்கு பாகிஸ்தானில் லட்சக்கணக்கான மக்களைப் பலிகொண்டது. அதன் பின்னர், சுந்தரவனத்திற்குத் தெற்கே ஹரியாபங்கா ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு தலைகாட்டியது. இந்திய அரசு அதற்கு நியூ மூர் எனப் பெயரிட்டது; மேற்கு வங்கத்தில் பூர்வாஷா என்றனர்; வங்கதேசம் தென் தால்பட்டி என்றது. கடல்மட்டத்திற்கு மேல் இரண்டு மீட்டர் உயரம்கூட இல்லாத அத்திட்டில் ஒருவரும் குடியிருந்ததில்லை. அதற்கு மூன்று பெயர்கள்! 1981-இல் அங்கே இந்தியக் கொடி ஏற்றப்பட்டது; இரு நாடுகளின் கடற்படைக் கலங்களும் அதனருகே வந்து நின்றன. 2010-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகக் கடலியல் ஆய்வாளர்கள் திட்டு முற்றிலும் நீரில் மூழ்கிவிட்டதாக அறிவித்தனர். எனினும் வழக்கு மூழ்கவில்லை.

ஒரு மணல்திட்டுக்காக இரண்டு அரசுகள் ஏன் மோதின என்பது கணக்கைப் பார்த்தால் விளங்கும். கடல் சட்டத்தின்படி, கரையில் தாழ்நீர்க் கோட்டிலிருந்து 12 கடல்மைல் வரை ஆட்சிக் கடல். 200 கடல்மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். கடலின் நடுவே தன்னந்தனியாக நிற்கும் ஒரு பாறைக்கு 12 கடல்மைல் மட்டும் அளித்தால் சுமார் 1,550 சதுர கிலோமீட்டர் கடல் அதற்கு உரித்தாகும். அதையே மக்கள் வாழத்தக்க தீவு என்று ஏற்று 200 கடல்மைல் அளித்தாலோ நாலு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு உள்ள இடத்தில், ‘பாறை’, ‘தீவு’ என்னும் இரண்டு சொற்களுக்கிடையே பெருநிறுவனங்களின் ஏலத் தொகுதிகள் தொங்குகின்றன.

மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு. நீர் வடியும்போது தெரிந்து, ஏறும்போது மறையும் நிலத்தைச் சட்டம் தனி வகையாக வைத்திருக்கிறது. தமிழ் ஏடுகள் இதையும் தீவு என்றே எழுதிவிடுகின்றன. கடற்கரை மக்கள் வழங்கும் ‘திட்டு’ என்ற சொல் இருக்க, இந்தப் பிழை தேவையற்றது. இத்தகைய தாழ்நீர்த் திட்டு நிலக்கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் இருந்தால், ஆட்சிக் கடலை அளக்கும் அடிக்கோட்டை அதிலிருந்து தொடங்கலாம். அதற்கு வெளியே இருந்தால் அதற்கெனத் தனிக் கடல் எதுவும் இல்லை.

2009 அக்டோபரில் வங்கதேசம் இவ்வழக்கை ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி அமைந்த நடுவர் மன்றத்திற்குக் கொண்டு சென்றது. மன்றம் முதலில் நிலத்தில் எல்லை எங்கே முடிகிறது என்று காண வேண்டியிருந்தது. அதற்கு ஆதாரம் 1947 ஆகஸ்டில் ராட்கிளிஃப் அளித்த தீர்ப்பும் அதனுடன் இணைத்த வரைபடமும். வங்காளத்தை ஒருமுறையும் அறிந்திராத ஒரு வழக்குரைஞர் சில வாரங்களில் இழுத்த கோடு அது. ஆறுகளின் ‘அப்போதைய’ பிரதான நீரோட்டத்தின் நடுவே எல்லை செல்லும் என்பது அதன் பொருள். ‘அப்போதைய’ என்றால் எப்போதைய? ஆறு இடம் மாறினால் எல்லையும் மாறுமா? 1947-இல் இருந்த நிலையே அது என்று மன்றம் கொண்டது. எனவே இன்றைய செயற்கைக்கோள் படங்கள் எவ்வளவு துல்லியமானாலும் அந்தக் கேள்விக்கு விடை தரவில்லை. மறைந்துபோன திட்டைச் சுற்றிய எல்லையை எழுபதாண்டுப் பழமையான தாளே முடிவு செய்தது.

2013 அக்டோபரில் நடுவர்கள் நேரில் சென்று பார்த்தனர். திட்டு நிரந்தரமாக மறைந்ததா, தாழ்நீரில் இன்னும் தெரிகிறதா என்பதுகூட அங்கே தெளிவாகவில்லை. 2014 ஜூலை 7 அன்று வந்த தீர்ப்பு, அத்திட்டில் அடிப்புள்ளி எதையும் வைக்க மறுத்தது. இரு கரைகளிலிருந்தும் சமதூரக் கோடு இழுத்து, வங்கதேசக் கரை உட்குழிந்திருப்பதால் அதன் கடல் குறுகிப்போவதைக் கருதி, கோட்டை 177 பாகை 30 கலை திசையில் திருப்பியது. எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 4,06,833 சதுர கிலோமீட்டரில் வங்கதேசத்திற்கு 1 பங்கென்றால் இந்தியாவிற்கு 2.81 பங்கு. வழக்காடப்பட்ட கடலின் பெரும்பகுதி வங்கதேசத்திற்குச் சென்றது. திட்டு இருந்த இடம் இந்தியாவின் பக்கம் விழுந்தது. டாக்காவில் எதிர்க்கட்சியினர் தால்பட்டி பறிபோனதாகக் குமுறினர். பறிபோன இடத்தில் தண்ணீரே இருந்தது.

மெய்யான தீவுக்கும் முழு உரிமை தானாக வந்துவிடுவதில்லை. சுமார் 8 சதுர கிலோமீட்டர் பரப்பும் சில ஆயிரம் மக்களும் கொண்ட செயின்ட் மார்ட்டின் தீவுக்கு, மியான்மருடனான 2012 தீர்ப்பில் 12 கடல்மைல் ஆட்சிக் கடல் கிடைத்தது. அதற்கப்பாலான பொருளாதார மண்டலக் கோட்டை அத்தீவு அசைக்கவில்லை. தீவைச் சுற்றி வட்டம் போட்டு நிறம் தீட்டும் பத்திரிகைப் படங்கள் இந்த வேறுபாட்டைக் காட்டுவதே இல்லை.

வரைபடம் வெளியிடும் தோழர்களுக்கு இதில் நடைமுறைப் பணி இருக்கிறது. இந்திய நில அளவைத் துறையின் படத்திற்கு மாறாக நாட்டின் எல்லையை அச்சிட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே மூலப்படம் எது என்பதில் அலட்சியம் கூடாது. அடுத்து ஆயத்தொலைவுகள். 2014 தீர்ப்பு உலகப் பொது அளவுமுறையான டபிள்யூ.ஜி.எஸ். 84-இல் புள்ளிகளைத் தருகிறது. பழைய இந்தியப் படங்களோ எவரெஸ்ட் அளவுமுறையில் அமைந்தவை. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் தாளில் அப்படியே குறித்தால் கோடு இடம்பெயர்ந்துவிடும். பெரிய அளவுப் படத்தில் இது கண்ணுக்கே தெரியும். உடன்பாட்டாலோ தீர்ப்பாலோ முடிந்த எல்லை தொடர்கோடு. ஒரு தரப்பின் உரிமைகோரல் மட்டுமாயின் விட்டுவிட்டு வரும் கோடு, அருகில் எவருடைய கோரல் என்ற குறிப்பு, ஆண்டு. ஆண்டில்லாத கடல் எல்லைப் படம் பாதிப் பொய்.

கச்சத்தீவைப் பற்றியும் இதே அளவுகோல்தான். 285 ஏக்கர் தீவுக்கு மேற்கே 1974 உடன்பாட்டின் கோடு ஆயத்தொலைவுகளால் குறிக்கப்பட்டிருக்கிறது. மீனவர்களின் பாரம்பரிய உரிமைக்கான போராட்டம் நியாயமானது, தொடர வேண்டியது. அதற்காக அச்சிடும் படத்தில் கோட்டை நகர்த்தி வைப்பது அந்தப் போராட்டத்திற்கு உதவாது. படத்தை நம்பிப் படகு செலுத்துகிறவருக்கு ஆபத்தும்கூட.

ஏனெனில் கோட்டின் விலையைக் கொடுப்பவர்கள் விசைப்படகில் இருக்கிறார்கள். காக்துவீப், நாம்கானா பகுதிகளிலிருந்து ஹில்சா மீனைத் தேடிச் செல்வோர் வங்கதேசத்தில் பிடிபடுகின்றனர். அக்கரையினர் இங்கே பிடிபடுகின்றனர். 2025 ஜனவரியில் கடலின் நடுவே 95 இந்திய மீனவர்களும் 90 வங்கதேச மீனவர்களும் கைமாற்றிக்கொள்ளப்பட்டனர். 2014-இலேயே தீர்ப்பாகிவிட்ட எல்லை அது. கடலின் மேல் எந்தக் கோடும் வரையப்பட்டிருக்கவில்லை. படகில் இடங்காட்டும் கருவி இல்லாதவருக்கும், இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்டவருக்கும் 177 பாகை 30 கலை என்பது வெறும் எண்.