கோசெல் சொன்ன ஒரு வார்த்தை

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'விளையாட்டும் ஊடகமும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். இவன் கிரிக்கெட் பேசுவான் என்று செயலாளர் நினைச்சிருப்பார். நான் அமெரிக்காவுக்குப் போகிறேன், விசா இல்லாமல்!

ஹோவர்ட் கோசெல் என்று ஒரு வர்ணனையாளர். யூதர், வக்கீலுக்குப் படித்தவர். ஏ.பி.சி. தொலைக்காட்சியில் திங்கட்கிழமை இரவுகளில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை வர்ணித்தவர். 1983 செப்டம்பர் 5. வாஷிங்டன் அணிக்கும் டல்லாஸ் அணிக்கும் ஆட்டம். ஆல்வின் காரெட் என்ற கறுப்பின வீரர், குள்ளமானவர், பந்தோடு நழுவி ஓடுகிறார். கோசெல் அவரைக் 'குட்டிக் குரங்கு' என்று சொல்லிவிட்டார்.

பற்றிக்கொண்டது தீ. கறுப்பின உரிமை இயக்கத் தலைவர் ஜோசப் லோவரி, மன்னிப்புக் கேள் என்றார். கோசெல் கேட்கவில்லை.

அந்த மனுஷனுக்காகத்தான் இன்றைக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன்.

1964-ல் காசியஸ் கிளே, முகமது அலி என்று பெயரை மாற்றிக்கொண்டார். பல பத்திரிகைகள் பிடிவாதமாகப் பழைய பெயரையே எழுதின. கோசெல் அவரை அலி என்றே அழைத்தார். 1967-ல் ராணுவத்தில் சேர அலி மறுத்தபோது பட்டத்தைப் பறித்தார்கள், குத்துச்சண்டை உரிமத்தையும் பறித்தார்கள். வழக்கு முடிவதற்குள் ஒருத்தன் பிழைப்பைப் பறிப்பது எந்தச் சட்டம் என்று பகிரங்கமாகக் கேட்டவர் கோசெல். வசவுக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1971-ல் உச்ச நீதிமன்றம் அலியின் தண்டனையை ரத்து செய்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் கறுப்புக் கையுறையோடு கையை உயர்த்திய டாமி ஸ்மித்தைப் பேட்டி கண்டு, அவர் தரப்பைக் கேட்க வைத்தவரும் இவரே.

இன்னொன்று. 1972-ல் மைக் ஆடம்லி என்ற குள்ளமான வெள்ளைக்கார வீரரையும் இதே வார்த்தையால் வர்ணித்திருக்கிறார். படச்சுருளே சாட்சி. தன் பேரனையும் அப்படித்தான் கொஞ்சுவாராம். காரெட்டும், எனக்கு வருத்தம் இல்லை என்றார்.

ஆனால் என் கட்சிக்காரர் ஓரிடத்தில் என் காலை வாரிவிட்டார். அதே ஆட்டத்தின்போதே, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். ஒலிப்பதிவில் இருக்கு, எப்படி மறுப்பது? நம்ம வீட்டிலும் குழந்தையைக் 'குரங்குக்குட்டி' என்று கொஞ்சுகிறோம். அது பாசம்தான். தலைமுறை தலைமுறையாக அதே வார்த்தையைக் கல்லடியாக வாங்கியவங்க காதில் அது பாசமாகவா விழும்? லோவரி கேட்டதில் நியாயம் இருந்தது. கோசெல் மனசில் விஷம் இல்லை என்பது என் வாதம்; வார்த்தை சரி என்பதல்ல. ஒரு 'மன்னிச்சுக்குங்க' போதும், அவர் பெருமை குறைந்திருக்காது. அந்தப் பருவத்தோடு திங்கட்கிழமை வர்ணனையை விட்டவர், 1995-ல் காலமானார். இரங்கல் எழுதியவர்களும் அந்தக் குரங்கை மறக்கவில்லை.

மாணவர்களே, எங்கள் விடுதியில் ஒரு நண்பன். அவன் நிறத்தை வைத்து ஒரு பட்டப்பெயர். மூன்று வருஷம் அப்படித்தான் கூப்பிட்டோம். அவனும் சிரிப்பான், நாங்களும் சிரிப்போம். கெட்ட எண்ணம் இல்லை, சத்தியமாக. என்னைக் கூண்டில் ஏற்றினால் கோசெல் மாதிரியே வாதாடுவேன். அவனை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பேச்சு முடிந்ததும் சாப்பாடாம். அவன் பக்கத்து இலையை எனக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.