கருவி தன் குறையைத் தானே கூறும்



ஓட்டைக் கொத்தினால் அளந்த அரிசிக்குக் கணக்குச் சரிவராது. உணவிற் கலந்த நஞ்சையும் குருதியிற் கலந்த மருந்தையும் கண்டறியும் திணிவு நிறமாலைமானிக்கும் இது பொருந்தும்.

1919 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜில் அஸ்ற்றன் என்னும் விஞ்ஞானி அமைத்த கருவியின் வழிவந்தது இது. மூலக்கூறுகளுக்கு மின்னேற்றி, அவற்றைத் திணிவுக்கேற்பப் பிரித்து எண்ணுவதே இதன் தொழில். மின்னேறிய துணிக்கைகள் வளியோடு மோதாது செல்வதற்குக் கருவியினுள் வெற்றிடம் வேண்டும். எங்கேனும் ஒரு மூட்டு மயிரிழையளவு நெகிழ்ந்தாலும் வளி உட்புகும். சூடான இழை ஒட்சிசனால் விரைவில் அழியும். நுண்ணளவான பொருளின் சுவடு மங்கும். உள்ள நஞ்சை இல்லையென்று கருவி சான்று கூறவும் கூடும்.

இக்குறையை எங்ஙனம் அறிவது? அமுக்கமானி உள்ளே வாயு மிகுந்துள்ளது என்று மட்டுமே சொல்லும். அது எந்த வாயு என்று சொல்லாது. அதனைச் சொல்ல வல்லது இக்கருவியே. மாதிரி எதனையும் இடாமல் அதனை இயக்கிப் பார்த்தல் வேண்டும். 18 ஆம் எண்ணில் நீரும், 28 இல் நைதரசனும், 32 இல் ஒட்சிசனும், 40 இல் ஆகனும் கோடுகளாய்த் தோன்றும்.

வளியிலே நைதரசன் நூற்றுக்கு 78 பங்கு; ஒட்சிசன் 21 பங்கு. ஆகவே 28 உயர, அதன் நாலிலொரு பங்களவில் 32 உம் உடன் நின்றால், வளி கசிகின்றது என்பது தெளிவு. 28 மட்டும் உயர்ந்தால் அவசரப்படலாகாது. காபனோரொட்சைட்டின் திணிவும் 28 தான்.

18 மட்டும் ஓங்கி நின்றாலோ, அது பெரும்பாலும் ஈரமே. துப்புரவுக்காகத் திறந்து மூடிய கருவியின் உட்சுவரில் நீர் ஒட்டிக்கொள்ளும். அதற்குத் திருகுகளை இறுக்குவது வீண்வேலை. பம்பியை ஓடவிட்டு மிதமாகச் சூடேற்றி, ஓரிரவு பொறுத்தால் கோடு தானே தாழும்.

கசிவாயின், கடைசியாகத் திறந்த மூட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றின் மீதும் ஆகன் வாயுவைச் சிறிது ஊதுதல் வேண்டும். எவ்விடத்தில் ஊதும்போது 40 ஆம் கோடு துள்ளி எழுகிறதோ, அங்கேயே குறை. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அணுத்திட்டத்தில் நியர் என்பவர் ஈலியத்தைக்கொண்டு கசிவு காணும் கருவியை அமைத்ததும் இம்முறையைத் தழுவியே.

பிறபொருளைச் சோதிக்குமுன் கருவி தன்னைத்தான் சோதிக்கட்டும். அதன் பின்னரே அதன் சான்றை நாம் நம்பலாம்.