கூதிர்க்காலத்து மனை நந்தவனம்





ஆவணியும் புரட்டாசியும் கார் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும் முன்னோர் பருவம் வகுத்தனர். பின்னதை வடநூலார் சரற்காலம் என்பர். குளிர்நாடுகளிலே இலையுதிர்ந்து தோட்டங்கள் உறங்கத் தொடங்கும் இந்நாள்களில்தான், பாலாற்றங்கரை இல்லங்களில் நந்தவனப்பணி விழிக்கின்றது. நந்தியாவட்டை, அலரி, செம்பருத்தி, மல்லிகை, பவழமல்லி, ஒரு வில்வக் கன்று. இவ்வளவு இருப்பின் ஒரு மனையின் பூசைக்குக் குறைவில்லை.

பூத்தொண்டின் பெருமைக்குத் திருப்புகலூர் முருகநாயனார் ஒருவரே சான்று. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரும் விடியுமுன் கொய்து, மாலை தொடுத்துச் சாத்தியதே அவர் செய்த தொண்டு. புலிக்கால் முனிவர் வண்டு தீண்டாத மலரைத் தேடி மரமேறக் காலில் புலிநகம் வேண்டிப் பெற்றார். வண்டு தீண்டுதற்கே அஞ்சிய மரபு இது. வேர் குடிக்கும் நீர் எத்தகையது என்னும் கேள்வி அவர்களுக்கு எழவில்லை. எழ வேண்டிய தேவையும் அன்று இல்லை.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் இக்கேள்வியைத் தவிர்த்தல் இயலாது. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடப்பெறுகின்றது. அதனை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பெல்லாம் நீரோடு வெளியேறும். பதனிடுதற்குக் குரோமிய உப்பும் சேரும். பல ஆண்டுகள் அந்நீர் நிலத்திலும் ஏரியிலும் ஆற்றிலும் விடப்பெற்றது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஒருபகுதியாகவோ பயிருக்கு ஆகாமற் போயிற்று என்னும் ஆய்வுச்செய்தி இடம்பெற்றது. கெடுத்தவரே இழப்பீடு தருதல் வேண்டும் என்னும் நெறியும் அத்தீர்ப்பில் நிலைபெற்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டுள்ளன. ஆயினும் 2025 ஜனவரியில் அந்நீதிமன்றம் பாலாற்றைக் குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது. பெயரிலே பால், கிணற்றிலே உப்பு!

ஒன்று மறத்தலாகாது. யானைத்தோல் போர்த்துப் புலித்தோல் உடுத்த பெருமானுக்குத் தோல் வேற்றுப் பொருளன்று. தோற்றொழிலாளரைத் தாழ்வாகக் கருதுவோர் சிவநெறி அறியாதவரே. பூக்கூடை ஏந்தும் பல இல்லங்களில் உலை வைக்கும் அரிசி அத்தொழில் ஈட்டித் தந்ததே. குற்றம் தொழிலின்மேலதன்று, கழிவைக் காணாது விட்ட கண்ணின்மேலது.

இனி மனையில் செய்யத்தக்கது யாது? கோடையில் உவர்க்கிணற்று நீர் இறைக்க இறைக்க, நீர் ஆவியாகி உப்பு மண்மேல் வெண்பொடியாய்ப் பூக்கும். மல்லிகையின் இலைநுனி கருகும். அலரி மட்டும் பெரிதும் தாங்கும். இவ்வுப்பை வேரினின்று கீழிறக்க வல்லது மழையொன்றே. ஆதலின் மழைக்கு முன்னரே மண்ணைக் கொத்திவிட்டு, மக்கிய எருவிட்டு, பாத்திக்கு வரப்புயர்த்தி முதல் மழைகளைத் தேக்குதல் வேண்டும். நல்ல நீர் மெல்ல ஊறி உப்பைக் கரைத்துக்கொண்டு ஆழத்திற் செல்லும். பின்னர் வரப்பை ஓரிடத்தில் வெட்டி மிகுநீரை வடித்துவிடுதல் வேண்டும். தேங்கிய நீரில் வேர் அழுகும். இதனை ஓராண்டு செய்து மறுவாண்டு கைவிடுவதிற் பயனில்லை, கோடைதோறும் உப்பு மேலேறுவதால்.

கூரைநீரை வீணாக்கலாகாது. 2003இல் தமிழகமெங்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாயிற்று. அதற்கென அன்று அமைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்று சருகடைத்துக் கிடக்கின்றன! அதைத் துப்புரவாக்கி ஒரு தொட்டியிற் சேர்ப்பின் தை வரையிலேனும் கன்றுகளுக்கு நன்னீர் கிட்டும். குண்டுமல்லிக்குக் கார்த்திகையில் கவாத்துச் செய்க. சாமந்தியைத் தொடவேண்டா, அது பூக்கும் காலம்.

கடைப்பூவை விலைக்கு வாங்கிச் சாத்துதல் பிழையன்று. எனினும் ஐப்பசி நிறைமதியில் அன்னாபிடேகம் காணச் செல்பவர், தம் வேலியிற் பூத்த நான்கு நந்தியாவட்டையைக் கொண்டு செல்லும் நடையே வேறு.

பவழமல்லிக்கு மட்டும் தனிமுறை உண்டு. பிற பூக்கள் நிலத்தில் வீழ்ந்தால் ஆகா. இதுவோ விடியலில் தானே உதிர்வது, உதிர்ந்ததையே கொள்வர். ஆதலின் முன்னிரவிலேயே மரத்தடியைப் பெருக்கி, நீர் தெளித்து, வெண்டுகில் ஒன்றை விரித்துவைப்பர். வைகறையில் அத்துகிலை நான்கு மூலையும் சேர்த்தெடுத்துப் பூசையறைக்குக் கொண்டு செல்வர்.