காசின் நிறையும் அரசின் சொல்லும்



பண்டைத் தமிழகத்தில் காசு நோட்டஞ் செய்வோனுக்கு வண்ணக்கன் என்று பெயர். கழகப் புலவர் சிலர் பெயரிலும் அச்சொல் அடையாக விளங்குகின்றது. பொன்னின் மாற்றும் காசின் நிறையும் ஆய்ந்து, ‘இது செல்லும், இது செல்லாது’ என்று உரைப்பது அவன் தொழில். அவன் இன்று நம் மடியிலுள்ள ஓர் உருபாவை நிறுத்துப் பார்ப்பின் என்ன சொல்வான்?

1835ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கும்பினியார் தம் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே உருபாவை வெளியிட்டனர். அதன் நிறை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அன்று அதனை உருக்கினும் ஏறத்தாழ அதே விலை பெறும். 1893இல், மக்கள் வெள்ளியைக் கொடுத்துக் காசாக அடித்துக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது. அதன்பின் காசின் மதிப்பு வெள்ளியை விட்டு, அரசின் சொல்லைப் பற்றி நின்றது.

இரண்டாம் உலகப்போர் வந்தது. மக்கள் வெள்ளிக்காசைப் பதுக்கினர். 1940இல் அரசு ஓர் உருபாத் தாளை வெளியிட்டது. காசில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. 1947இல் வெள்ளி அறவே நீங்கி, நிக்கல் வந்தது. 1975இல் செம்பும் நிக்கலுங் கலந்த உருபாவின் நிறை 8 கிராம். 1983இல் 6 கிராம். 1992இல் துருவேறா எஃகில் 4.85 கிராம், 2011இல் 3.79 கிராம். மாறாது நின்றது உருபா என்னும் பெயர் ஒன்றே!

அவ்வாறாயின், மீண்டும் வெள்ளியிலேயே காசடிக்கலாமே என்பார் உளர். அது நடவாது. மாழையின் விலை காசின் மதிப்பை விஞ்சுமாயின், காசு கடைத்தெருவில் நில்லாது, உலைக்களம் புகும். காசை உருக்குவதை 2011ஆம் ஆண்டுக் காசுச் சட்டம் விலக்கியிருப்பதும் இவ்வச்சத்தினாலேயே. ஆகவே, மாழை மெலிந்தது நோயன்று; நோயின் குறியே.

நோய் யாது? நாட்டில் விளைபொருளும் செய்பொருளும் பெருகாதிருக்கப் பணம் மட்டும் பெருகுமாயின், விலை ஏறும். காசின் வாங்குந்திறன் தேயும். நிலமும் பொன்னும் உடையோன் தப்பிக்கொள்வான். நாட்கூலியில் மிச்சம் பிடித்து, மண்கலயத்தில் நாலணாக் காசுகளாகச் சிறுவாடு சேர்த்த ஏழைத்தாய் என் செய்வாள்? 2011ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாளோடு 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாக்காசாயின. அதற்கு நெடுநாள் முன்னரே அவள் உழைப்பின் பெரும்பகுதி களவு போய்விட்டது. கலயத்திற் காசின் எண்ணிக்கை குறையாமையின், களவு நடந்ததே அவளுக்குத் தெரியாது!

2016இல் நடுவணரசு, விலையேற்றத்தை ஆண்டுக்கு 4 விழுக்காட்டில் நிறுத்துவதை இலக்காக வகுத்தது. கட்டற்ற ஏற்றத்தினும் அது நன்றே. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள்: அந்த 4 விழுக்காடே 18 ஆண்டில் பணத்தின் வலிமையைப் பாதியாக்கிவிடும். பிறந்த மகளின் திருமணத்திற்கென்று கலயத்தில் இட்ட நூறு உருபா, அவள் மணப்பருவம் எய்தும்போது ஐம்பது உருபாவின் பொருளையே வாங்கும்.

பெருமக்களே! வண்ணக்கன் இன்று நிறுக்க வேண்டியது காசையன்று. அரசின் வரவு செலவையே. வரவுக்கு மேற் செலவிட்டு, அக்குறையைப் புதுப்பணத்தால் நிரப்பும் அரசு, ஏழையின் கலயத்தில் கைவைக்கின்றது. தேர்தல்தோறும் வாக்குக் கேட்டு வருவோரிடம், “எங்கள் உழைப்பின் மதிப்பைக் காப்பீரோ?” என்று கேளுங்கள். விடை சொல்லத் தயங்குவோரைச் செல்லாக்காசென ஒதுக்குங்கள்!