ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும்



இணைய வங்கியின் பூட்டு, நாம் கற்பிக்கும் பகா எண்களால் ஆனது. மிகப் பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது இன்றைய கணினிக்குக் கடினம். ஆற்றல்மிக்க குவாண்டம் கணினி அதை விரைவில் முடித்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-இல் காட்டினார். அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லை. ஆனால் இன்று களவாடிச் சேமித்த செய்தியை அன்று திறந்துவிடலாம். அதனால்தான் இப்போதே மாற்று வழி தேடுகிறார்கள்.

அவற்றுள் ஒன்று, 1984-இல் பென்னட்டும் பிரஸ்ஸார்டும் தந்த குவாண்டம் சாவிப் பகிர்வு. சாவியைச் சுமந்து செல்லும் ஒளித்துகளை இடையில் ஒருவர் அளந்தால் அதன் நிலை கலையும், திருட்டு தெரிந்துவிடும்.

இதை வகுப்பிலேயே விளையாடிக் காட்டலாம். ஓர் அட்டை, ஓர் ஒளித்துகள். அனுப்பும் மாணவி 40 அட்டைகளில் கூட்டல் அல்லது பெருக்கல் குறியையும், 0 அல்லது 1-ஐயும் நாணயம் சுண்டி எழுதட்டும். பெறும் மாணவரும் சுண்டி ஒரு குறியைத் தேர்ந்தெடுப்பார். குறி பொருந்தினால் அட்டையிலுள்ள எண்ணை நீங்கள் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் எண்ணையும் அவர் சுண்டியே எழுதட்டும். குறி பொருந்திய சுமார் 20 அட்டைகளில் இருவரின் எண்களும் ஒத்திருக்கும்.

இப்போது நடுவில் ஓர் ஒற்றரை நிறுத்துங்கள். அவரும் அதே விதிப்படி அளந்து, தமக்குக் கிடைத்த குறியையும் எண்ணையும் புது அட்டையில் எழுதி அனுப்பட்டும். ஒத்திருக்க வேண்டிய 20-இல் ஏறத்தாழ 5 தவறாகிவிடும். ஒற்றர் பிடிபட்டார்!

தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. அத்துறைக்கு வரப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பில் இருக்கிறார்கள். கருவி இல்லையே என்று அவர்களைக் காத்திருக்க வைக்க வேண்டாம். அட்டைகளும் ஒரு நாணயமும் போதும்.